பெட்டியில் அதே 8.6, கண்ணில் மட்டும் ஏன் வேறு? சாஃப்ட் காண்டாக்ட் லென்ஸின் வடிவமும் பொருத்தமும்

செம்பனை_ஆய்வகம்

அனைவருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு செம்பனை ஆலையின் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். இரண்டு கண்ணுக்கும் மைனஸ் 3.75 பவர். நெடுநாளாக ஒரு மாதாந்தர லென்ஸை எந்தத் தொல்லையும் இல்லாமல் அணிந்து வந்தேன். அதன் பெட்டியில் பேஸ் கர்வ் 8.6, விட்டம் 14.2 என்று அச்சிட்டிருக்கும். அந்த வகை கையிருப்பில் இல்லை என்று டவுனில் ஒரு கண்ணாடிக் கடையில் வேறொரு நிறுவனத்தின் லென்ஸை எடுத்துக் கொடுத்து, "அதே 8.6தான், அதே பவர்தான், வித்தியாசமே தெரியாது" என்றார்கள். விட்டம் மட்டும் 14.0.

வித்தியாசம் முதல் நாளே தெரிந்துவிட்டது. எண்ணெய் மாதிரியின் அமில அளவைப் பார்க்கும்போது பியூரெட்டின், அதாவது திரவத்தை அளந்து சொட்டவிடும் கண்ணாடிக் குழாயின், கோட்டில் கண்ணை வைத்திருப்பேன். ஒவ்வொரு முறை கண் சிமிட்டியதும் அந்தக் கோடு கலங்கி, சற்றுப் பொறுத்துத்தான் தெளிகிறது. கீழ் இமையில் லென்ஸின் விளிம்பு உரசுவதை உணர முடிகிறது. கண்ணாடி முன் நின்று மேல்நோக்கிப் பார்த்தால் லென்ஸ் நன்றாகக் கீழே இறங்கி நிற்கிறது.

பேஸ் கர்வ் ஒன்றாக இருக்கும்போது பொருத்தம் எப்படி மாறும்? 14.2க்கும் 14.0க்கும் உள்ள இந்தச் சிறு இடைவெளி இவ்வளவு செய்யுமா, அல்லது கோளாறு வேறு எதிலாவது இருக்கிறதா?

லிந்தாங்_தமிழன்

லென்ஸ் உட்புறம் வெளிப்புறமாகப் புரண்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விரல் நுனியில் வைத்துப் பக்கவாட்டில் பார்க்கும்போது விளிம்பு கிண்ணம்போல நேராக நிற்க வேண்டும். வெளிப்பக்கம் மலர்ந்திருந்தால் புரண்டிருக்கிறது என்று அர்த்தம். புரண்ட லென்ஸும் இப்படித்தான் உரசும், அலையும்.

செம்பனை_ஆய்வகம்

பார்த்துவிட்டேன், அண்ணா. ஆய்வக விளக்கின் கீழ் விளிம்பு நேராகத்தான் நிற்கிறது. லென்ஸில் பொறித்த எழுத்தும் சரியான பக்கம் வாசிக்கக் கிடைக்கிறது. புது ஜோடியைத் திறந்து போட்டும் அதே நிலைதான்.

ஈப்போ_ஒப்டோ

ஈப்போவில் ஒப்டோமெட்ரிஸ்டாக, அதாவது பார்வைப் பரிசோதகராக, பணிபுரிகிறேன். உங்கள் கண்ணைப் பாராமல் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் நீங்கள் எழுதியிருக்கும் மூன்று அறிகுறிகளும், அதாவது சிமிட்டியவுடன் கலங்கும் பார்வை, கீழ் இமையில் உரசும் விளிம்பு, மேலே பார்க்கையில் பின்தங்கிக் கீழே நிற்கும் லென்ஸ் ஆகிய மூன்றும், உங்கள் கண்ணுக்குத் தளர்வாக அமைந்த லென்ஸையே காட்டுகின்றன. இறுக்கமான லென்ஸ் பெரும்பாலும் இதற்கு மாறாக நடந்துகொள்ளும்: போட்ட சிறிது நேரத்துக்குச் சொகுசாகவே இருக்கும், சிமிட்டியதும் பார்வை ஒரு கணம் தெளிந்து பிறகு மங்கும், மாலையில் கண் சிவக்கும்.

பேஸ் கர்வ் என்பது லென்ஸின் பின்புற நடுப்பகுதி எவ்வளவு வளைந்திருக்கிறது என்று மில்லிமீட்டரில் சொல்லும் ஆரம் மட்டுமே. லென்ஸ் கண்ணின் மேல் எப்படி உட்காரும் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது அதன் குழியாழம், அதாவது விளிம்பைத் தட்டையான மேசையில் கவிழ்த்தால் நடு உச்சி மேசையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்ற அளவு. ஒரே அளவான இரண்டு தேங்காய்களில் ஒன்றைச் சரி நடுவிலும் மற்றதைச் சற்று மேலேயும் வெட்டினால், இரண்டு சிரட்டைகளின் வளைவும் ஒன்றுதான், ஆழம் மட்டும் வேறு. விட்டம் இங்கே வெட்டும் இடத்தைத்தான் மாற்றுகிறது.

பின்புறம் முழுதும் ஒரே கோள வளைவு என்று வைத்துக்கொண்டு கணக்குப் பார்ப்போம். 8.6 வளைவும் 14.2 விட்டமும் கொண்ட லென்ஸின் குழியாழம் ஏறக்குறைய 3.75 மி.மீ. வருகிறது. அதே 8.6, 14.0 விட்டத்தில் 3.60 மி.மீ. ஆகிறது. 8.4 வளைவையும் 14.0 விட்டத்தையும் எடுத்தால் 3.76. ஆகவே உங்கள் பழைய லென்ஸுக்கு, காகிதக் கணக்கின்படி, மிக நெருங்கிய உறவு அந்த 8.6 அன்று, 14.0 விட்டத்தில் உள்ள 8.4தான். விட்டத்தில் 0.2 மி.மீ. குறைந்ததை ஈடுகட்ட வளைவின் ஆரத்தையும் அதே அளவு குறைத்து இறுக்க வேண்டியிருக்கிறது.

0.15 மி.மீ. என்ற வேறுபாடு அற்பமாகத் தோன்றலாம். சாஃப்ட் லென்ஸ்களுக்கான ஐ.எஸ்.ஓ. 18369 தரநிலை, குழியாழத்தை அளவாகக் குறிப்பிடும்போது அது 0.05 மி.மீ.க்கு மேல் கூடவோ குறையவோ கூடாது என்கிறது. தயாரிப்பில் சகித்துக்கொள்ளும் எல்லையைப் போல மூன்று மடங்கு வேறுபாடு உங்கள் இரண்டு பெட்டிகளுக்கும் இடையே இருக்கிறது. விந்தை என்னவென்றால், அதே தரநிலை பேஸ் கர்வுக்கு 0.2 மி.மீ. வரை, விட்டத்துக்கும் 0.2 மி.மீ. வரை இடம் தருகிறது. பெட்டியில் ஒரே ஒரு எண்ணைத் துல்லியம் போல அச்சிடும் வழக்கத்தை நான் அவ்வளவாக மதிப்பதில்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஓய்வுபெற்ற_டிரெசர்

தோட்ட கிளினிக்கில் டிரெசராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருந்து ஓய்வு பெற்றவன். கணக்கு விளங்குகிறது. ஆனால் கருவிழியின் வளைவை அளக்க கெரட்டோமீட்டர் என்ற கருவி இருக்கிறதே. அதில் வரும் அளவைப் பார்த்து, அதற்கேற்ற பேஸ் கர்வ் உள்ள லென்ஸைத் தேர்ந்தெடுத்தால் இந்தக் குழப்பம் எதற்கு? என் பேத்திக்கு ஒரு கடையில் அந்தக் கருவியில் பார்த்துத்தான் லென்ஸ் கொடுத்தார்கள்.

ஈப்போ_ஒப்டோ

நல்ல கேள்வி, ஐயா. கெட்டியான லென்ஸுக்கு அந்த அளவு இன்றியமையாதது, ஏனென்றால் அந்த லென்ஸ் கருவிழியின் மேலேயே அமர்கிறது, வளைந்துகொடுப்பதும் இல்லை. சாஃப்ட் லென்ஸ் கருவிழியைத் தாண்டி வெள்விழியின் மேலும் ஒவ்வொரு பக்கத்திலும் சுமார் ஒரு மில்லிமீட்டர் படர்கிறது. கெரட்டோமீட்டரோ கருவிழியின் நடுவில் ஏறக்குறைய 3 மி.மீ. வட்டத்தை மட்டும் அளந்து நின்றுவிடுகிறது. ஓரத்தில் கருவிழி எவ்வளவு தட்டையாகிறது, வெள்விழியோடு சேரும் இடம் எந்தச் சாய்வில் இருக்கிறது, கருவிழியே எவ்வளவு அகலம் என்பவற்றை அது சொல்வதில்லை.

இதில் அகலம்தான் பலரும் கவனிக்காமல் விடுவது. மறுபடியும் எளிய கோளக் கணக்காகவே பாருங்கள். கருவிழியின் ஆரம் 7.8 மி.மீ., அகலம் 11.8 மி.மீ. என்றால் அதன் உயரம் சுமார் 2.70 மி.மீ. ஆரத்தை 7.6 ஆக இறுக்கினால் 2.81 ஆகிறது, கெரட்டோமீட்டரில் இது ஒரு டயாப்டருக்கு (பவரின் அலகு) மேற்பட்ட மாற்றம், யாரும் கவனிக்கத் தவறமாட்டார்கள். ஆரத்தைத் தொடாமல் அகலத்தை மட்டும் 12.2 ஆக்கினால் உயரம் 2.94க்குப் போய்விடுகிறது. உண்மையான கருவிழி ஓரத்தில் தட்டையாவதால் இந்த எண்கள் அப்படியே வராது, ஆனால் எது அதிகம் ஆட்டுகிறது என்பது மாறாது. 0.4 மி.மீ. அகல வேறுபாடு ஸ்கேல் வைத்துப் பார்த்தாலே தெரியும்; அதை அளக்காமல் வளைவை மட்டும் அளந்துவிட்டு லென்ஸ் கொடுப்பது பாதி வேலைதான்.

அதனால்தான் ஒரே கெரட்டோமீட்டர் அளவு உள்ள அக்காளுக்கும் தங்கைக்கும் ஒரே லென்ஸ் ஒருத்திக்குப் பொருந்தி மற்றவளுக்கு நழுவுகிறது.

கண்ணாடிக்கடை_மகள்

எங்கள் குடும்பம் கண்ணாடிக் கடை நடத்துகிறது. ஒப்டோமெட்ரிஸ்ட் வாரத்தில் சில நாள்கள் வந்து பார்ப்பார். கடைக்காரர் பக்கமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இன்று சந்தையில் உள்ள பல லென்ஸ்கள் ஒரே ஒரு பேஸ் கர்வில்தான் வருகின்றன. பயோஃபினிட்டி என்றால் 8.6, 14.0 மட்டும். அக்யுவ்யூ ஒயேசிஸ் இருவாரப் பெட்டியில்தான் 8.4, 8.8 என்று இரண்டு தருகிறார்கள். ஒன்-டே அக்யுவ்யூ மொய்ஸ்ட் 8.5, 9.0 என்று இரண்டு. ஒரே அளவு பெரும்பாலோருக்குப் பொருந்துவதால்தானே நிறுவனங்கள் அப்படிச் செய்கின்றன? எல்லாரையும் குழியாழம் கேட்கச் சொன்னால், பெட்டியிலேயே இல்லாத எண்ணை நாங்கள் எங்கே போய் எடுப்போம்?

ஈப்போ_ஒப்டோ

நீங்கள் சொல்வது நியாயம். பெரும்பாலோருக்கு ஒரே அளவு ஏற்றுக்கொள்ளத்தக்கதாகப் பொருந்தத்தான் செய்கிறது. இன்றைய சாஃப்ட் லென்ஸ் மெல்லியது, கண்ணின் வடிவத்துக்குத் தன்னைத் தளர்த்திக்கொள்ளும். ஆயினும் ஒரு லென்ஸ் எவ்வளவு தளர்த்திக்கொள்ளும் என்பது அதன் விறைப்பைப் பொறுத்தது. 1999இல் வந்த முதல் தலைமுறை சிலிகான் ஹைட்ரோஜெல் (நீரை உறிஞ்சும் மென்மையான பொருளில் சிலிகான் சேர்த்தது) லென்ஸ்களில் ஒன்றான நைட் அண்ட் டே, பழைய ஹைட்ரோஜெல்களைவிடப் பல மடங்கு விறைப்பானது. அதில் 8.6 பொருந்தாத கண்களில் விளிம்பு கண்ணோடு ஒட்டாமல் அலையலையாய் மேலெழும்பும். போட்டிருப்பவர் இமையில் ஏதோ மடிப்பு இருப்பதாகவே சொல்வார். 8.4ஐ மாட்டியதும் அந்த அலை பலருக்கு அடங்கியது. மென்மையான பொருளாயிருந்தால் அதே வடிவக் கோளாறு மறைந்தே போயிருக்கும். எனவே ஒரே எண் கொண்ட இரண்டு லென்ஸ்களில் வடிவமும் வேறு, அந்த வடிவப் பிழையைக் கண் உணரும் அளவும் வேறு.

இன்னொன்று: நான் போட்ட கணக்கு பின்புறம் ஒரே வளைவு என்ற அனுமானத்தில் நிற்கிறது. உண்மையில் பல லென்ஸ்களின் பின்புறம் நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகப் போகத் தட்டையாகிறது, சிலவற்றில் இரண்டு மூன்று வளைவுகள் சேர்ந்திருக்கும். ஆகவே 8.6, 14.0 என்று அச்சிட்ட இரு நிறுவனங்களின் லென்ஸ்களைப் பக்கத்தில் பக்கத்தில் அளந்தாலும் குழியாழம் ஒன்றாக வரும் என்ற உத்தரவாதம் இல்லை. இந்தச் சிக்கல் சாஃப்ட் லென்ஸோடு கூடப் பிறந்தது என்றே சொல்லலாம். செக் வேதியியலர் ஓட்டோ விக்டர்லெ 1961இல் தம் மகனின் விளையாட்டுக் கட்டுமானப் பெட்டியைக் கொண்டு அமைத்த இயந்திரத்தில், சுழலும் அச்சுக்குள் திரவத்தை விட்டு லென்ஸ் செய்தார். அந்த முறையில் முன்புறத்தை அச்சு தருகிறது, பின்புற வடிவத்தைச் சுழலும் வேகம் தீர்மானிக்கிறது. பவரை மாற்ற வேகத்தை மாற்றினால் பின்புற வடிவமும் கூடவே மாறியது. 1971இல் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி பெற்ற முதல் சாஃப்ட் லென்ஸ் இந்த வழியில் வந்ததுதான்.

பெட்டியில் இல்லாத எண்ணைக் கடையில் கேட்க வேண்டாம், அம்மா. லென்ஸைக் கண்ணில் போட்டுப் பார்த்தால் அந்த எண் தேவைப்படுவதே இல்லை. ஸ்லிட் லேம்ப் என்ற, கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியின் வெளிச்சத்தில் முதலில் பார்ப்பது, லென்ஸ் கருவிழியின் நடுவில் அமர்ந்து அதை எல்லாப் பக்கமும் மூடுகிறதா என்று. பிறகு சிமிட்டச் சொல்கிறோம். ஒரு நல்ல பொருத்தத்தில் லென்ஸ் 0.2 முதல் 0.4 மி.மீ. வரை மெல்ல நகர்ந்து திரும்பும். அடுத்ததுதான் எனக்கு எல்லாவற்றையும்விட நம்பகமானது: கட்டை விரலால் கீழ் இமையைச் சற்றே மேலே தள்ள, இமையின் விளிம்பு லென்ஸை உந்துகிறது. தளர்வான லென்ஸ் தொட்டதுமே வழுக்கிப் போகும். இறுக்கமானது பிடிவாதமாக நிற்கும், விட்டதும் திரும்பி வரத் தயங்கும். நடுத்தரமானது சிறு தடையோடு ஏறி, கையை எடுத்ததும் சீராக இறங்கி இடத்தில் அமரும். லென்ஸின் விளிம்புக்கு அடியில் வெள்விழியின் நுண்ணிய இரத்த நாளங்கள் அழுந்தி வெளுத்திருக்கின்றனவா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

லிந்தாங்_தமிழன்

எனக்கொரு சந்தேகம். ஆய்வகத் தங்கை ஆலையில் வேலை செய்கிறார். பாய்லர் வெப்பத்தில் லென்ஸ் சுருங்கியோ விரிந்தோ போகாதா? எங்கள் பகுதியில் சிலர் லென்ஸ் காய்ந்ததுபோல இருந்தால் குழாய்த் தண்ணீரில் நனைத்துப் போடுகிறார்கள், அதுவும் வடிவத்தை மாற்றுமா?

ஈப்போ_ஒப்டோ

வெப்பம் வடிவத்தை மாற்றும், ஆனால் பாய்லருக்கு முன்னால் கண்ணே அதைச் செய்துவிடுகிறது. லென்ஸ்களை 20 பாகை செல்சியஸில் உப்புக் கரைசலில் வைத்து அளக்கிறார்கள். கண்ணின் மேற்பரப்போ சுமார் 34, 35 பாகை. அந்த வெப்பத்துக்கு வந்ததும் விட்டம் குறைந்து, வளைவும் கூடுகிறது. நீர் அதிகம் உள்ள ஹைட்ரோஜெல் கூடுதலாகவும் சிலிகான் ஹைட்ரோஜெல் குறைவாகவும் சுருங்கும். ஆகவே பெட்டியில் 14.2 என்று இருப்பது உங்கள் கண்ணில் 14.2 ஆக இருப்பதே இல்லை, இரண்டு நிறுவனங்களின் 14.2 ஒரே அளவில் சுருங்குவதும் இல்லை.

ஆலையில் நான் அதிகம் கவலைப்படுவது ஆய்வகத்தின் ஏர்கோனைத்தான். வெளியே நம் நாட்டுக் காற்றில் ஈரம் நிறைய. ஏர்கோன் அறையில் மணிக்கணக்காக ஒரே கோட்டைப் பார்த்துக்கொண்டு சிமிட்டாமல் இருக்கும்போது லென்ஸ் நீரை இழக்கிறது. நீரை இழக்கும் லென்ஸ் இறுகுகிறது. காலையில் சரியாக அமர்ந்த லென்ஸ் மாலையில் நகர மறுப்பது இதனால்தான்.

குழாய்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம். கண்ணீரைவிட உப்புக் குறைந்த நீரை லென்ஸ் உறிஞ்சி உப்பும், கருவிழியோடு ஒட்டிக்கொள்ளும். இழுத்துக் கழற்றும்போது மேல் தோல் உரியும். இவற்றைவிடக் கொடியது, குழாய்த் தண்ணீரிலும் கிணற்று நீரிலும் இருக்கக்கூடிய அக்காந்தமீபா என்ற நுண்ணுயிர்; அது கருவிழியில் புகுந்தால் மாதக்கணக்கில் சிகிச்சை, பார்வை போகவும் கூடும். மாற்றுக் கரைசல் கையில் இல்லையென்றால் லென்ஸைக் கழற்றி எறிந்துவிட்டுக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

செம்பனை_ஆய்வகம்

ஈப்போவுக்குப் போய்ப் பரிசோதித்துக்கொண்டு வந்தேன், ஐயா. கருவிழியின் அகலம் இரு கண்ணிலும் 12.1 மி.மீ. என்றார்கள், சராசரியைவிடக் கூடுதலாம். இப்போதைய லென்ஸைப் போட்டுப் பார்த்து, கீழ் இமையைத் தள்ளியதும் அது ஓடியதை எனக்கே திரையில் காட்டினார்கள். பிறகு 8.4, 14.0 உள்ள ஒரு மாதிரி லென்ஸைப் போட்டு, சற்று நேரம் உட்கார வைத்துப் பார்த்தார்கள். ஓட்டம் அடங்கிவிட்டது, பியூரெட்டின் கோடும் சிமிட்டலுக்குக் கலங்குவதில்லை. மாலையில் கொஞ்சம் வறட்சி தெரிகிறது; அதற்கு ஏர்கோன் வாயிலுக்கு எதிரே உட்காராதே என்பதுதான் முதல் மருந்தாம்.

பூஞ்சோலை_தேவி

பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வண்ண லென்ஸ் விற்பவரிடம் 15.0 விட்டம் என்று வாங்கினேன். பேஸ் கர்வ் 8.6. கண் பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதால்தான். மேலே உள்ள கணக்கை இதற்கும் போடலாமா?

ஈப்போ_ஒப்டோ

போடலாம், தங்கச்சி, ஆனால் வரும் விடை உங்களுக்குப் பிடிக்காது. 15.0 என்பது உண்மையிலேயே லென்ஸின் அகலம் என்றால் 8.6 வளைவில் குழியாழம் 4.39 மி.மீ. வருகிறது, 14.0 லென்ஸைவிட முக்கால் மில்லிமீட்டருக்கு மேல் ஆழம். அந்த அளவு ஆழம் சாதாரணக் கண்ணில் இறுகிப் பிடித்து, கண்ணீர் அடியில் புகுந்து வெளியேற இடம் தராது. சில விற்பனையாளர்கள் அந்த எண்ணை வண்ண வளையம் தரும் தோற்றத்துக்குப் போடுகிறார்கள். அப்படியானால் லென்ஸின் உண்மையான விட்டமே உங்களுக்குத் தெரியாது. எப்படிப் பார்த்தாலும் அதைக் கழற்றிவிடுங்கள். 1991ஆம் ஆண்டின் ஒப்டிகல் சட்டப்படி, பதிவு பெறாதவர் காண்டாக்ட் லென்ஸ் விற்பது நம் நாட்டில் குற்றம். கண் சிவப்போ வலியோ வெளிச்சக் கூச்சமோ இருந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

கண்ணாடிக்கடை_மகள்

அஸ்டிக்மாட்டிசம், அதாவது கண்ணின் வளைவு எல்லாத் திசையிலும் ஒன்றாக இல்லாத குறை, உள்ளவர்களின் டோரிக் லென்ஸ் பற்றியும் ஒரு வரி எழுதுங்கள். எங்களிடம் வரும் புகார்களில் பாதி அதுதான்: "காலையில் தெளிவு, வண்டி ஓட்டும்போது கலங்கல்."

ஈப்போ_ஒப்டோ

டோரிக் லென்ஸில் பொருத்தம் சொகுசோடு நிற்பதில்லை, பார்வையே அதன் மேல் தொங்குகிறது. லென்ஸ் 10 பாகை திரும்பிவிட்டால் அஸ்டிக்மாட்டிசத்தைத் திருத்தும் சிலிண்டர் பவரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு திருத்தப்படாமல் மிஞ்சும், 1.75 சிலிண்டர் உள்ளவருக்கு இது 0.6 டயாப்டர். லென்ஸ் ஒரே பக்கம் திரும்பி அங்கேயே நிலையாக நின்றால், ஆக்சிஸை, அதாவது சிலிண்டர் அமையும் கோணத்தை, கூட்டியோ கழித்தோ ஈடுகட்டலாம்: லென்ஸின் கீழே உள்ள குறி பரிசோதகரின் இடப்பக்கம் சாய்ந்தால் கூட்ட வேண்டும், வலப்பக்கமானால் கழிக்க வேண்டும். ஒவ்வொரு சிமிட்டலுக்கும் குறி ஊசலாடினால் எந்த ஆக்சிஸும் உதவாது. அப்போது குழியாழம் போதாமல் லென்ஸ் தளர்ந்திருக்கிறதா என்று பார்த்து வேறு வடிவமைப்புக்குப் போக வேண்டும். இந்த வேளையில் ஆக்சிஸை மாற்றி மாற்றிப் புதுப் பெட்டி வரவழைப்பது வாடிக்கையாளரின் ரிங்கிட்டுக்குத்தான் கேடு.

ஓய்வுபெற்ற_டிரெசர்

பேத்தி மேற்படிப்புக்கு ஜொகூர் போகிறாள். அங்கே கடைக்காரரிடம் காட்ட அட்டையில் எவற்றை எழுதி வாங்க வேண்டும் என்று சொன்னால் நலம்.

ஈப்போ_ஒப்டோ

லென்ஸின் முழுப் பெயர், பேஸ் கர்வ், விட்டம், இரு கண்ணின் பவர், டோரிக் என்றால் சிலிண்டரும் ஆக்சிஸும், எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பது, பரிசோதித்த தேதி. இவற்றோடு கருவிழியின் அகலத்தையும், இமையைத் தள்ளிப் பார்த்தபோது லென்ஸ் எப்படி நகர்ந்தது என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள், கேட்டால் தருவார்கள். "8.6, மைனஸ் 3.00" என்று மட்டும் எழுதிய அட்டையோடு போனால் எந்த நிறுவனத்தின் 8.6ஐயும் எடுத்துக் கொடுக்கலாம். பெயர் மாறினால் அங்கேயும் போட்டுப் பார்க்கும் சோதனையைக் கேட்க வேண்டும், ஐயா. அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளச் சொல்லுங்கள். லென்ஸ் வாங்கினால் பல கடைகள் அந்தக் கட்டணத்தை வாங்குவதில்லை.